கட்டரை வாங்குவோம், ஹோல்டரைச் செய்வோம்

‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. லேத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால், குடத்தின் இடுப்பில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை. பெயர்ந்து வந்த சில்லு என் முகக் கவசத்தில் மோதிவிட்டுச் சுவரோரம் போய் விழுந்து கிடந்தது. கவசம் போடாமல் இருந்திருந்தால் இந்த வாரப் பத்தியை எழுத ஒரு கண்தான் மிஞ்சியிருக்கும்.

வீட்டுப் பின்கட்டில் சின்னதாக ஒரு மரக் கடைசல் லேத் வைத்திருக்கிறேன் என்பதை முன்பே இங்கு எழுதியிருக்கிறேன். அன்று நான் குடைந்துகொண்டிருந்தது பலா மரம். கடையில் வாங்கியதல்ல. அம்மா பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்தின் பின்னால் நின்ற மரம். தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனபோது மரத்தையும் சாய்த்துவிட்டார்கள். மாமா ஓடிப் போய் இரண்டே இரண்டு துண்டுகளை வாங்கி வைத்தார். முனைகளில் மெழுகு பூசி, இரண்டு ஆண்டு நிழலில் காயவிட்டு, அதிலிருந்து அம்மாவுக்கு ஒரு குடம் செய்து தர வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு துண்டு போய்விட்டது. அம்மா ஓட்டைக் குடத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னொண்ணு இருக்குல்ல? அதையாவது பார்த்துச் செய்” என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கடைசல் பழக்கம் இல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தட்டு, கிண்ணம் போன்றவற்றை உட்புறம் கடைவது சுலபம்; வாய் அகலமாக இருக்கும், கண்ணுக்கும் தெரியும். குடம், ஜாடி போன்றவற்றுக்கு வாய் சிறியது, வயிறு பெரியது. மரம் சுழன்றுகொண்டிருக்க, அந்தச் சின்ன வாய் வழியாக நீளமான இரும்புத் தண்டை உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரியாத சுவரைச் சத்தத்தையும் கையில் உணரும் அதிர்வையும் வைத்தே சீவ வேண்டும். தண்டின் நுனியில் விரல் நகம் அளவுக்கு ஒரு கட்டர் இருக்கும். மரத்தைச் சீவுவது அதுதான். அந்தக் கட்டரைப் பிடித்திருக்கும் தண்டைத்தான் ஹோல்டர் என்கிறோம்.

நான் இணையத்தில் வாங்கிய கருவியின் கட்டர் அருமையான கட்டர். ஹோல்டர்தான் 10 மில்லிமீட்டர் கம்பி. மேலே பளபளவென்று முலாம். விலை 240 ரிங்கிட். படத்தில் பார்த்தபோது அது எவ்வளவு மெல்லியது என்று தெரியவில்லை. வந்த பிறகும் ‘நல்ல இரும்புதானே, தாங்கும்’ என்று நினைத்துக்கொண்டேன். அது என் தவறு.

இனி சுங்கை வே கதைக்கு வருகிறேன். 1972-இல் இங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகச் சீருடை போட்டு ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். பெரிய தொழிற்சாலை இருக்கும் இடத்தில், அதற்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கும் சின்னச் சின்ன லேத் பட்டறைகளும் முளைக்கும். இங்கும் முளைத்தன. கூட்டரசு நெடுஞ்சாலையில் காரில் பறக்கிறவர்களுக்கு அவை கண்ணில் படாது. உள்ளே இறங்கி நடந்தால் எண்ணெய் வாடையும் இரும்புச் சுருள்களும் இன்னும் இருக்கின்றன.

அப்படி ஒரு பட்டறைக்கு ஓட்டைக் குடத்தையும் கருவியையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே லேத்தில் நின்றிருந்த அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிய வயது. கருவியை வாங்கிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“தம்பி, இது போரிங் பார்தானே?”

எனக்குப் புரியவில்லை. தன் லேத்தில் மாட்டியிருந்த ஒன்றைக் காட்டினார். இரும்புக் குழாயின் உட்புறத்தைக் கடைவதற்கான தண்டு. நுனியில் துளை, துளைக்குள் சின்னக் கட்டர், மேலிருந்து ஒரு ஸ்க்ரூ. நான் மரக் கடைசலுக்கென்றே தனியாகக் கண்டுபிடித்த கருவி என்று நினைத்து வாங்கிய அதே பொருள், இவர் நாற்பது ஆண்டாகத் தினமும் பயன்படுத்துவது.

“நாங்க மெஷின்ல இறுக்கிப் பிடிச்சாலே, தண்டோட கனத்துக்கு நாலு மடங்குதான் வெளிய நீட்டுவோம். நீங்க இந்தக் குச்சியைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பதினெட்டு மடங்கு நீட்டியிருக்கீங்க. மரம் மெதுவு, அதனால இவ்வளவு நேரமாவது பொறுத்துச்சு.”

பிறகு ஓட்டை வழியாகக் காலிப்பரை விட்டுச் சுவரின் கனத்தை அளந்தார். ஓரிடத்தில் 15 மில்லிமீட்டர். அதற்கு இரண்டு விரல் தள்ளி 4. தண்டு வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, சுவரை மேடு பள்ளமாக்கியிருக்கிறது. நான் ஒரே சீராகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் சொன்ன கணக்கை வீட்டுக்கு வந்து நானும் போட்டுப் பார்த்தேன். கருவி வைத்திருப்பவர்கள் இதை ஒரு தாளில் எழிதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

முதலாவது, நீளம். கருவியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டிலிருந்து நுனி வரை எவ்வளவு வெளியே நீள்கிறதோ, அதன் மும்மடிப் பெருக்கத்தில் வளைவு கூடும். நீட்சி இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. 9 சென்டிமீட்டரில் சாதுவாக இருந்த தண்டு 18-இல் பேயாட்டம் ஆடுவது இதனால்தான்.

இரண்டாவது, கனம். விட்டம் கூடக் கூட, அதன் நான்மடிப் பெருக்கத்தில் விறைப்பு கூடும். 10 மில்லிமீட்டரை 16 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய ஆறரை மடங்கு. குடத்தின் ஆழத்தை நாம் குறைக்க முடியாது. தண்டைக் கனமாக்கத்தான் முடியும்.

மூன்றாவதுதான் என் கண்ணைத் திறந்தது. விலை கூடிய, கடினமாக்கப்பட்ட எஃகு குறைவாக வளையும் என்று நம்பியிருந்தேன். அப்படி இல்லை. சாதாரண மைல்டு ஸ்டீலும் உயர்ந்த எஃகும் ஒரே பாரத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வளையும். கடினமான எஃகு வளைந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பும், எளிதில் தேயாது. விறைப்பில் வித்தியாசம் இல்லை. ஆகவே ஹோல்டருக்கு விலை கொடுத்துச் சிறப்பு எஃகு தேட வேண்டியதில்லை. கட்டருக்குத்தான் நல்ல பொருள் வேண்டும். ஹோல்டருக்குக் கனம் போதும்.

“ஒரு துண்டு கம்பி இருக்கு. செஞ்சிருவோமா?” என்றார் அண்ணன். செய்தோம். செய்தார் என்பதே சரி. நான் எண்ணெய் ஊற்றினேன்.

16 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் தண்டு, நீளம் 30 சென்டிமீட்டர். முன்பக்கம் 4 சென்டிமீட்டரை மட்டும் 12 மில்லிமீட்டராகக் கடைந்து மெலிதாக்கினார். அப்போதுதான் குடத்தின் தோள் மூலையில் நுனி நுழையும். மெலிந்தால் வளையாதா என்று கேட்டேன். வளைவு பெரும்பாலும் டூல் ரெஸ்ட்டுக்கு அருகில் இருக்கும் பகுதியால்தான் வருகிறது; நுனியில் கொஞ்சம் மெலிந்தால் பாதகமில்லை என்றார்.

நுனியில் இரண்டு துளைகள், இரண்டும் 5 மில்லிமீட்டர். ஒன்று தண்டின் அச்சிலேயே நேராக, அடிப்பகுதியைக் குடைய. மற்றொன்று 45 பாகை சாய்வாக, பக்கச் சுவரைச் சீவ. உருண்டைக் கம்பியின் மேல் நேரடியாகத் துளையிட்டால் ட்ரில் வழுக்கும். அதனால் முதலில் அரத்தால் ஒரு சின்னத் தட்டை இடம் செய்து, சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி, பிறகுதான் ட்ரில். கட்டரை இறுக்க மேலிருந்து எம்4 கிரப் ஸ்க்ரூ. அதற்கு 3.3 மில்லிமீட்டர் துளையிட்டு டேப் அடிக்க வேண்டும். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று விட வேண்டும். அவசரப்பட்டால் டேப் உள்ளேயே உடையும். உடைந்த டேப்பை எடுப்பதைவிடப் புதுத் தண்டு செய்வது சுலபம்.

கட்டருக்கு 5 மில்லிமீட்டர் உருண்டை எச்.எஸ்.எஸ். துண்டு. இரும்பு லேத்துக்கு விற்கும் சாதாரணப் பொருள். ஸ்க்ரூ படும் இடத்தில் ஒரு தட்டையைத் தேய்த்துவிட்டால் கட்டர் சுழலாது. நுனியின் மேற்பகுதியைப் பாதி விட்டம் வரை தேய்த்தால், வெட்டும் விளிம்பு தண்டின் மையத்துக்கு வந்துவிடும். ஹோல்டரிலிருந்து கட்டர் 8 மில்லிமீட்டருக்கு மேல் நீட்ட வேண்டாம். இவ்வளவுதான் வேலை. பழைய ட்ரில்லின் காம்பை வெட்டிக் கட்டராக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பல ட்ரில்களில் காம்புப் பகுதி கடினமாக்கப்படாதது. முனை உடனே மழுங்கிவிடும்.

தண்டைப் பிடிக்க 55 சென்டிமீட்டர் கைப்பிடி. ரெஸ்ட்டுக்கு முன்னால் 18, பின்னால் கை வரைக்கும் 54 என்றால், நுனியில் வரும் 30 கிலோ அடி கைக்கு வரும்போது 10 கிலோவாகும். சீசா பலகைக் கணக்குதான். வாங்கிய கருவியின் கைப்பிடி 30 சென்டிமீட்டர்தான் இருந்தது.

உடனே எல்லாரும் பட்டறைக்கு ஓடுங்கள் என்று சொல்ல வரவில்லை. எதைச் செய்வது, எதை வாங்குவது என்பதில் ஒரு நிதானம் வேண்டும்.

கட்டரை வாங்குவதே நல்லது. எச்.எஸ்.எஸ். மலிவு, வீட்டிலுள்ள சாணைக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம். நம் ரப்பர் மரத்துக்கும் பலாவுக்கும் அது போதும். கெருயிங் போன்ற சில மரங்களுக்குள் மணல் போலச் சிலிக்கா இருக்கும். அங்கே எச்.எஸ்.எஸ். சீக்கிரம் மழுங்கும், கார்பைட் நின்று பிடிக்கும். ஆனால் கார்பைட் கண்ணாடி மாதிரி. கடினம், அடி தாங்காது. சாதாரண சாம்பல் நிறக் கல்லில் தீட்டவும் முடியாது. வைரத் தூள் பதித்த கல் வேண்டும்.

வட்டக் கார்பைட் வில்லையைப் பொருத்தும் ஹோல்டர் வேண்டுமானால் கடையில் வாங்கிவிடுங்கள். வில்லை உட்காரும் இடம் துல்லியமான சமதளமாக இருக்க வேண்டும். அரத்தால் தேய்த்த மேடு பள்ளத்தில் வைத்து ஸ்க்ரூவை இறுக்கினால் வில்லை விரிசல் விடும். கொக்குக் கழுத்துபோல் வளைந்த தண்டும் அப்படித்தான். வளைந்த தண்டில் நுனி அச்சைவிட்டு விலகி நிற்பதால், கருவி கையில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். இப்படி வளைந்த கருவிகளால் சிறிய வாய்க் குடங்களைக் குடையும் முறையை உலகத்துக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர் அமெரிக்கக் கடைசல் கலைஞர் டேவிட் எல்ஸ்வொர்த். 1970-களிலிருந்து அவர் செய்தவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நாம் நேர்த் தண்டில் கை பழகிய பிறகு அங்கே போகலாம்.

இணையத்தில் வாங்குபவர்கள் விளம்பரத்தில் மூன்று எண்களைத் தேடுங்கள்: தண்டின் விட்டம், தண்டின் நீளம், கைப்பிடியின் நீளம். இந்த மூன்றும் எழுதப்படாத விளம்பரத்தில் வாங்காதீர்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாதவற்றுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்டுக்கு 9 ரிங்கிட், இரண்டு கட்டருக்கு 24, ஸ்க்ரூ சில்லறைக் காசு. அண்ணன் முதலில் கூலி வேண்டாம் என்றார். நான் விடவில்லை. யோசித்து, “அம்பது குடுங்க” என்றார். கொடுத்தேன். மொத்தம் 90 ரிங்கிட்டுக்குள். நான் இரண்டு தடவை போய் வந்த நேரத்துக்குக் காசு போட்டால் மலிவு என்று சொல்ல முடியாது. ஆனால் என் குடத்தின் ஆழத்துக்கும் வாய்க்கும் பொருந்தும் கருவி எந்தக் கடையிலும் இல்லை.

கூலி கொடுத்ததைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஆள் என்றால் இலவசமாகச் செய்து தர வேண்டும் என்று எதிர்பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இணையக் கடைக்காரரிடம் 240 ரிங்கிட்டை மறுபேச்சில்லாமல் கட்டிய நான், நாற்பது ஆண்டு அனுபவத்துக்கு ஐம்பது கொடுக்க யோசித்திருந்தால் அது நியாயமில்லை.

கடைசல் என்ற நம் சொல்லைப் பாருங்கள். மோர் கடைவதும் மரம் கடைவதும் தமிழில் ஒரே வினைச்சொல். மத்தில் கயிறு சுற்றி இரு கையாலும் மாறி மாறி இழுப்பதுபோல், அந்தக் காலத்துக் கடைசல் பட்டறையில் மரத்தில் கயிறு சுற்றி ஒருவர் இழுக்க, மற்றொருவர் உளி பிடிப்பார். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் அந்தக் கடைசல் மரபில் வந்தவை. மரத்தை உள்ளே குடைவதும் நமக்குப் புதிதல்ல. கோயிலில் நாம் கேட்கும் நாகசுரம், பழைய ஆச்சா மரத்தைக் கடைந்து, நீளவாக்கில் துளையிட்டு, மேலே ஒடுங்கிக் கீழே விரியும்படி உள்ளே குடைந்து செய்வது. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள நரசிங்கம்பேட்டையில் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தவிலின் கட்டையும் மிருதங்கத்தின் கட்டையும் குடைந்த பலா மரம். உள்ளே கண் போகாத இடத்தில் கையை நம்பி வேலை செய்த பரம்பரை நம்முடையது. சுங்கை வே அண்ணன் மரத்துக்குப் பதில் இரும்பைக் கடைந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மீதமிருந்த துண்டை எடுக்க எனக்கு மூன்று வாரம் தைரியம் வரவில்லை. முதலில் பயனில்லாத ரப்பர் மரக் கட்டைகள் இரண்டைக் குடைந்து பழகினேன். பிறகு ஒரு ஞாயிறு காலை பலாவை மாட்டினேன்.

கட்டரின் முனையை மரத்தின் மையக் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே வைத்தேன். இதையும் அண்ணன்தான் சொன்னார். உட்புறம் குடையும்போது தண்டு கீழே வளைந்தால், மையத்துக்கு மேலே இருக்கும் முனை சுவரைவிட்டு விலகும். மையத்துக்குக் கீழே இருந்தால் சுவருக்குள் புதையும். என் முதல் குடத்தை உடைத்தது அநேகமாக இதுதான். வேகத்தைக் குறைத்தேன். ஒவ்வொரு விரற்கடை ஆழத்துக்கும் லேத்தை முழுதாக நிறுத்தி, தூளை வெளியே தட்டினேன். தூள் அடைத்துக்கொண்டாலும் கட்டர் கொக்கி போடும். சுழலும் குடத்துக்குள் விரல் விடவே கூடாது. நின்ற பிறகுதான் கை. சுவரின் கனத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தேன். 15 சென்டிமீட்டரைத் தாண்டும்போது காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். ‘சர்ர்ர்’ என்று ஒரே சுருதியில் போனது.

முடிந்தபோது சுவர் எல்லா இடத்திலும் 8 மில்லிமீட்டருக்கு அருகில் இருந்தது. இன்னும் மெலிதாக்கியிருக்கலாம். ஆசையை அடக்கிக்கொண்டேன். தரை முழுக்க மஞ்சள் நிறத்தில் பலாச் சீவல். அம்மா வந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். “லயத்து வாடை வருதுடா” என்றார். குடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் அது சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. ஓட்டைக் குடத்தையும் அவர் தூக்கிப் போடவிடவில்லை. அதில் தையல் சாமான் வைத்திருக்கிறார்.

குடத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர், வருஷக் கடைசியில் வேலையை விடப் போவதாகச் சொன்னார். இடுப்பு வலி. அந்த லேத்தில் நிற்க ஆள் தேடுகிறார்களாம்; வருகிற பையன்களுக்குக் கணினியில் எண் தட்டும் இயந்திரம்தான் தெரிகிறதாம்.

இன்னும் ஒரு ஹோல்டர் வேண்டும், 19 மில்லிமீட்டரில், பெரிய குடத்துக்கு என்றேன். தலையாட்டினார். “இந்தத் தடவை நீங்க ட்ரில் அடிங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

வருகிற சனிக்கிழமை போகிறேன்.